புது அசெம்பிள் சிஸ்டம்ல ஹார்ட் டிஸ்க் மக்கர் பண்ணுதா: செக்டிஸ்க்கா, ஸ்மார்ட்டா, கேபிளா?

பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி நம்ம கையாலேயே அசெம்பிள் பண்ண சிஸ்டம். ஒரு வாரம் ஜம்முனு ஓடுச்சு, அப்புறம் பெரிய ஃபைல் காப்பி போட்டா பாதில அப்படியே நிக்குது, டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு காட்டுது ஆனா ஸ்பீடு பாத்தா சைபர், ஒருநாள் காலைல ஆன் பண்ணா டிரைவையே காணோம். யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான், டிஸ்க் போச்சு மாத்திரு. நானும் அதை நம்பி 4 டிபி டிரைவை திருப்பிக் குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கி மாட்டினேன், அதுவும் மூணாவது நாளே அதே ஆட்டம். அப்பதான் உறைச்சுது, பழைய சிஸ்டம்ல திடீர்னு தகராறுன்னா டிஸ்க் மேல சந்தேகப்படலாம், புது சிஸ்டம்ல எல்லா பார்ட்டுமே புதுசு, அதுக்கு மேல ஒயர் மாட்டினதும் நாமதான்.

இந்த மாதிரி நேரத்துல ஆளாளுக்கு ஒரு வழி சொல்வாங்க. நான் எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துட்டேன், எது எவ்வளவு தேறும்னு சொல்றேன்.

முதல்ல எல்லாரும் ஓடுறது செக்டிஸ்க் பக்கம். விண்டோஸ்லயே இருக்கு, எதுவும் டவுன்லோட் பண்ண வேணாம், அதனால. ஆனா அது அடிப்படையில ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க இருக்குங்கிற கணக்கை, சரிபாக்குற டூல், டிஸ்க்கோட உடம்பை பாக்குற டாக்டர் இல்ல. எஃப் ஆப்ஷன் போட்டா கணக்கு வழக்குல உள்ள தப்பை திருத்தும், ஆர் ஆப்ஷன் போட்டா அதோட சேத்து ஒவ்வொரு செக்டாரையும் (டிஸ்க்ல டேட்டா எழுதுற குட்டிக் கட்டம்) படிச்சுப் பாக்கும். உண்மையிலேயே டிஸ்க் சாகப்போற நிலையில இருந்தா இப்படி மணிக்கணக்கா போட்டு உருட்டுறது, மூச்சு வாங்குறவனை மாடிப்படி ஏறச் சொல்ற கதைதான். இதைவிட மோசம் என்னன்னா, தப்பு கேபிள்லயோ ராம்லயோ இருந்தா செக்டிஸ்க் கைக்கு வர்றதே குப்பையான டேட்டா, அதை நம்பி நல்லா இருந்த ஃபைலையும் "திருத்தி" துண்டு துண்டா ஒரு ஃபோல்டர்ல கொட்டி வெச்சிரும். எந்த ஆப்ஷனும் போடாம ஓட்டினா வெறுமனே பாத்துட்டு விட்டுரும், ஆரம்பத்துல அது போதும்.

அடுத்தது ஸ்மார்ட் ரீடிங், அதாவது டிரைவ் தன்னோட உடல்நிலையைப் பத்தி தானே எழுதி வெச்சுக்குற கணக்கு. அதைக் காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கிற விண்டோஸ் டூலை போட்டா ரெண்டு நிமிஷத்துல வந்துரும், லினக்ஸ்காரங்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கு. மேல நீலக் கலர்ல "குட்"னு இருக்குறதை மட்டும் பாத்துட்டு மூடிராதீங்க, கீழ இருக்குற நம்பர்லதான் விஷயமே. ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் உண்டு, அதுல 5, 197, 198 இந்த மூணும் டிரைவுக்குள்ள சுத்துற, டேட்டா எழுதுற தட்டு சம்பந்தப்பட்டது. 5-ன்னா கெட்டுப்போய் மாத்தி வெச்ச செக்டார், 197-ன்னா படிக்க முடியாம இழுபறில நிக்கிற செக்டார், 198-ன்னா டிரைவ் தானே சோதிச்சுப் பாத்தும் படிக்க முடியாதது. புது டிரைவ்ல இதுல ஏதாவது ஒண்ணு ஏறிட்டே போகுதுன்னா வாதம் பண்ண ஒண்ணுமில்ல, டேட்டாவை எடுத்துட்டு வாரண்டில குடுங்க. 199 கதையே வேற. அது சி.ஆர்.சி எரர், அதாவது டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவுல போற வழில டேட்டா சிதையுது, பெரும்பாலும் கேபிள் இல்லன்னா கனெக்டர் லூசு. 199-ல உள்ள நம்பர் ஒருதரம் ஏறுனா எறங்காது, அதனால இன்னைக்கு எவ்வளவுன்னு எழுதி வெச்சுட்டு ஒரு 50 ஜிபி காப்பி பண்ணிட்டு மறுபடி பாருங்க, ஏறலன்னா அது பழைய கணக்கு.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த நம்பரையெல்லாம் ஹெக்ஸ்ல (எழுத்தும் கலந்து வர்ற 16 அடிமான எண் முறை) காட்டும், 197 அங்க சி5, 199 சி7. நம்ம ஆளுங்க பாதி பேரு இங்கதான் பயந்து போறாங்க, அதுவும் சீகேட் டிரைவ்ல முதல் வரில ரீட் எரர் ரேட்னு பிரம்மாண்டமா ஒரு நம்பர் நிக்கும், அந்தக் கம்பெனி அதை எழுதுற விதமே அப்படி, விட்டுருங்க.

ஸ்மார்ட்டை முழுசா நம்பவும் கூடாது. கூகுள் தன்கிட்ட இருந்த 1 லட்சத்துக்கு மேலான டிரைவை வெச்சு 2007-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல செத்துப்போன டிரைவ்ல பாதிக்கு மேல முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கை எதுவுமே காட்டாம செத்தது. ஆனா முதல் ஸ்கேன் எரர் (டிரைவ் தானே தட்டை படிச்சுப் பாக்கும்போது வர்ற எரர்) வந்த டிரைவ் அடுத்த 60 நாளுக்குள்ள சாகுற வாய்ப்பு எரர் வராததை விட 39 மடங்கு. நம்பர் மோசமா இருந்தா உறுதியா நம்பலாம், சுத்தமா இருந்தா டிரைவ் நல்லதுன்னு அர்த்தமில்ல.

ஸ்மார்ட்லயே லாங் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஷார்ட் டெஸ்ட் ரெண்டு நிமிஷம், பெருசா எதுவும் சொல்லாது. லாங் டெஸ்ட் 4 டிபிக்கு 7, 8 மணி நேரம் இழுக்கும், ராத்திரி போட்டுட்டுத் தூங்கலாம், சிஸ்டம் ஸ்லீப்புக்கு போகாம மட்டும் பாத்துக்கணும். ஸ்மார்ட்மான்டூல்ஸ்ல மட்டுமில்ல, சீகேட்டோட சீடூல்ஸ் மாதிரி கம்பெனி டூல்லயும் இருக்கு. இதோட அழகு என்னன்னா டெஸ்ட்டை டிரைவ் தனக்குள்ளேயே நடத்திக்கும், டேட்டா கேபிள் வழியா வெளிய வராது. லாங் டெஸ்ட் பாஸ், ஆனா காப்பி பண்ணா மட்டும் எரர் வருதுன்னா, குற்றவாளி பெரும்பாலும் டிரைவுக்கு வெளியதான் இருக்கான்.

கேபிள் மாத்திப் பாக்குறது படிக்காதவன் வேலைன்னு நெனைக்கிறவங்க இருக்காங்க. புது சிஸ்டம்ல அதுதான் முதல் வேலையா இருக்கணும்ங்கிறது என் கட்சி, ஆனா ஒரே நேரத்துல கேபிளும் மாத்தி போர்ட்டும் மாத்தி பயாஸும் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணா எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. டிரைவ் சுத்தமா தெரியவே இல்லன்னா மதர்போர்டு புக்கைப் பாருங்க, நெறைய போர்டுல எம்.2 ஸ்லாட்ல (சின்ன அட்டை மாதிரி எஸ்எஸ்டி நேரா போர்டுல மாட்டுற இடம்) எஸ்எஸ்டி மாட்டினா ரெண்டு சாட்டா போர்ட் (ஹார்ட் டிஸ்க் கேபிள் சொருகுற இடம்) தானா ஆஃப் ஆயிரும். பயாஸ்ல தெரியுது, விண்டோஸ்ல மட்டும் இல்லன்னா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் இனிஷியலைஸ் பண்ணாம விட்டிருப்பீங்க (அதுல ஏற்கனவே டேட்டா இருந்தா இனிஷியலைஸ் பட்டன் பக்கமே போகாதீங்க).

பவர் பக்கம் மட்டும் விளையாடாதீங்க. மாடுலர் பவர் சப்ளைல, அதாவது ஒயரை தனியா கழட்டி மாட்டுற சப்ளைல, ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி சப்ளைல மாட்டினா பிளக் பொருந்தினாலும் உள்ள பின் வரிசை வேறயா இருக்கலாம், ஆன் பண்ண நொடில டிரைவ் புகைஞ்சிரும்.

ராம் சோதனையும் இதே பந்தயத்துல உண்டு. எக்ஸ்எம்பி (ராமை கூடுதல் ஸ்பீடுல ஓட விடுற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணி ராம் தள்ளாடுச்சுன்னா காப்பி பண்ண ஜிப் ஃபைல் திறக்காது, வீடியோ உடையும், பாக்க அப்படியே டிஸ்க் கோளாறு மாதிரியே இருக்கும் ஆனா ஸ்மார்ட்ல எதுவுமே ஏறாது. எக்ஸ்எம்பி ஆன்ல இருக்கும்போதே ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுங்க, எரர் வந்தா அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஓட்டினா தெரிஞ்சிரும். விண்டோஸை அழிச்சுட்டு மறுபடி போடுறது? அதை வழின்னே நான் கணக்குல சேக்கல.

என்னோட வரிசை இதுதான். முக்கியமான ஃபைலை வேற இடத்துக்கு காப்பி, அப்புறம் ஸ்மார்ட் நம்பரை ஃபோன்ல ஒரு ஃபோட்டோ, அப்புறம் டேட்டா கேபிள், பவர் ஒயர், லாங் டெஸ்ட், ராம், செக்டிஸ்க் எல்லாத்துக்கும் கடைசில. 197 ஏறிட்டு இருந்தா மட்டும் நடுவுல இருக்குற எல்லாத்தையும் விட்டுட்டு லினக்ஸ்ல ஓடுற டிடிரெஸ்க்யூங்கிற டூல்ல டிரைவை வேற டிரைவுக்கு குளோன் (அப்படியே நகல்) எடுத்துருங்க, அது படிக்க வர்ற இடத்தை முதல்ல எடுத்துட்டு வராத இடத்துக்கு அப்புறமா திரும்பி வரும்.

என் ரெண்டாவது டிரைவ்ல 5, 197, 198, 199 எல்லாமே சைபர். மண்டையை பிச்சுக்கிட்டு மத்த வரியையும் பாத்தப்ப 12-ல, அதாவது பவர் சைக்கிள் எண்ணிக்கைல, 31-னு இருந்துச்சு. நான் அந்த சிஸ்டத்தை ஆன் பண்ணது அதிகபட்சம் பத்து தடவை. அப்போ ஓடிட்டு இருக்கும்போதே டிரைவுக்கு கரண்ட் விட்டு விட்டு போயிருக்கு. ஒயர் எட்டலன்னு நான் போட்ட ஸ்ப்ளிட்டர்ல (ஒரு பவர் ஒயரை ரெண்டா பிரிக்கிற ஒயர்) ஒரு முனை சரியா உக்காரவே இல்ல. அதை கழட்டிட்டு சப்ளைல இருந்து நேரா ஒயர் இழுத்தேன், அன்னைலேர்ந்து 12-ம் நம்பர் நான் ஆன் பண்ணும்போது மட்டும்தான் ஏறுது. திருப்பிக் குடுத்த முதல் டிரைவோட ஸ்மார்ட்டை நான் பாக்கவே இல்ல.