புது டேப்லெட் ஐபேடோடு போட்டி போடுமா? 16 மாதம் டியூஷன் எடுத்த அனுபவம்

சென்னை புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 2024 ஜூனில் பள்ளி திறந்த கையோடு ஒரு டேப்லெட் வாங்கினேன். கைப்பேசியில் நல்ல பெயர் எடுத்துவிட்டு டேப்லெட் பக்கம் புதிதாக வந்த கம்பெனி அது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கு நடந்ததை வைத்து ஒரு கம்பெனிக்கே முத்திரை குத்த எனக்கு மனசில்லை. 11 அங்குலத் திரை, 8 ஜிபி ராம், 128 ஜிபி இடம், விலை 21,000 ரூபாய். திரையில் எழுதுகிற பேனா தனியாக 4,000.

வாங்குவதற்கு முன்பே வீட்டில் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர் பர்மா பஜாரில் கைப்பேசி உதிரி சாமான் கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக இந்தச் சாமான்களோடு புழங்குகிற மனிதர். “வாங்கறதுதான் வாங்கற, ஐபேடா வாங்கிடும்மா. இல்லன்னா சாம்சங் வாங்கு. புதுசா வர்றவன் ரெண்டு வருஷத்துல கடையைக் கட்டிட்டுப் போயிட்டா நீ யார்கிட்ட போய் நிப்ப?” என்றார்.

மாமா சும்மா பயமுறுத்தவில்லை. ஆப்பிளின் ஐபேட் 2010 ஏப்ரலில் கடைக்கு வந்தது. அடுத்த வருடமே அதை வீழ்த்தப் போவதாகக் கிளம்பியவர்கள் கதையெல்லாம் அவருக்கு மனப்பாடம். எச்பியின் டச்பேட் 2011 ஜூலை 1 அன்று விற்பனைக்கு வந்து, ஆகஸ்ட் 18 அன்று நிறுத்தப்பட்டது. மொத்தம் 49 நாள். மிச்சம் இருந்ததை அமெரிக்காவில் 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். பிளாக்பெரி பிளேபுக், மின்னஞ்சலுக்கு என்று சொந்தமாக ஒரு ஆப் கூட இல்லாமல் வந்தது; மின்னஞ்சலுக்கே பேர்போன கம்பெனி அது! அந்தக் காலத்தில் காசு போட்டவர்கள் கையில் கடைசியில் மிஞ்சியது வெறும் கண்ணாடிப் பலகைதான் என்பார் மாமா.

என் பக்கம் ஒரே ஒரு கணக்குதான் இருந்தது. அந்த நேரம் பத்தாம் தலைமுறை ஐபேட் 34,900 ரூபாய், அதுவும் 64 ஜிபிதான். அதற்கான டைப்-சி பேனா 7,900. சேர்த்தால் 42,800. எனக்கு ஆனது 25,000. நடுவில் இருக்கிற 17,800 ரூபாய், மூன்று பிள்ளைகள் முழு வருடத்துக்கும் தருகிற டியூஷன் பணம். அதைப் பேனாவிலும் பெயரிலும் போட எனக்குத் துணிவு வரவில்லை.

முதல் வாரம் சந்தோஷமாகப் போனது. திரை பளிச்சென்று இருந்தது, நாலு ஸ்பீக்கர், பேட்டரி இரண்டு நாள் தாங்கியது. ஒரு பாதியில் பாடப்புத்தகத்தின் பிடிஎஃப், மறு பாதியில் நான் எழுதுகிற வெள்ளைத்தாள். அந்த வாரம் யாராவது கேட்டிருந்தால், ஐபேடை விடவே நல்லது என்று எழுதிக் கொடுத்திருப்பேன். ஒரு வாரத்தில் எழுதுகிற விமர்சனங்களை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

முதல் உதை, எழுதுவதைப் பிள்ளைகளுக்கு டிவியில் காட்டப் பார்த்தபோது வந்தது. ரிச்சி தெருவில் 900 ரூபாய்க்கு டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐ போகிற வயர் வாங்கி வந்தேன். சொருகினால் டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்றுதான் வருகிறது. வயரில் குறை என்று நினைத்து மாற்றி வந்தேன். அதுவும் அப்படியே. அப்புறம்தான் புரிந்தது. டைப்-சி ஓட்டை பார்க்க எல்லாவற்றிலும் ஒன்று போல இருந்தாலும், அதன் வழியாகப் படம் வெளியே போக உள்ளே தனி ஏற்பாடு வேண்டும். விலை குறைந்த டேப்லெட் பலவற்றில் அதை விட்டுவிடுகிறார்கள். ஐபேடில் அடிப்படை மாடலிலேயே அது இருக்கிறது. இந்த விஷயத்தைப் பெட்டியில் எங்கேயும் போடவில்லை. வாங்கப் போகிறவர்கள் ராம் எவ்வளவு, கேமரா எவ்வளவு என்பதை விட்டுவிட்டு இதை முதலில் கேளுங்கள்.

வேறு வழியில்லாமல் வைஃபை வழியாக டிவியில் காட்டினேன். மூன்றாம் நாளே முன் வரிசைப் பையன் சொன்னான்: “மிஸ், நீங்க எழுதி முடிச்சப்புறம்தான் கோடு ஓடி வருது.” ரௌட்டரை டிவிக்குப் பக்கத்தில் மாற்றி வைத்ததும் தாமதம் கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை, இன்று வரைக்கும்.

அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தேரடி மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். மாமா கூடத்தில் பாயை விரித்து, “இன்னிக்குத் தீர்த்துடலாம்” என்றார். அவருடைய ஒன்பதாம் தலைமுறை ஐபேட், அக்கா மகள் கல்லூரிக்குக் கொண்டுபோகிற சாம்சங் டேப் எஸ்6 லைட், என்னுடையது. மூன்றிலும் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை எழுதி, கீழே ‘பக்கத்துக்குப் பக்கம் சரிபார்க்கவும்’ என்று தமிழில் ஒரு வரி எழுதிப் பார்த்தோம்.

எண்ணிக்கையில் பார்த்தால் திரை வேகம் என் டேப்லெட்டுக்குத்தான் அதிகம். நொடிக்கு 90 தடவை புதுப்பிக்கிறது, மற்ற இரண்டும் 60. அதாவது அவற்றில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 16.7 மில்லி நொடி, என்னுடையதில் 11.1. ஆனால் எழுதும்போது ஐபேடில்தான் மை பேனா முனையை ஒட்டியே வந்தது. பேனா அடுத்து எங்கே போகும் என்பதை மென்பொருளே முன்கூட்டிக் கணித்துக் கோடு போடுகிறது. 90-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கணிப்பு விழுங்கிவிட்டது.

அடுத்ததாகக் கவனித்ததை எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. நம் எழுத்தில் புள்ளி இருக்கிறதே, அது என் டேப்லெட்டில் விழவில்லை. வேகமாக எழுதும்போது மெய்யெழுத்துக்கு லேசாகத் தொட்டுவிட்டுப் போவோம். அந்த லேசான தொடுதல் என் பேனாவுக்குப் போதவில்லை. ‘பக்கத்துக்குப் பக்கம்’ என்று எழுதினால் ‘பககததுககுப பககம’ என்று நின்றது. கணக்கில் இது இன்னும் ஆபத்து: 2.5 என்பது 25 ஆகிவிடும். சாம்சங்கில் பட்டும் படாமலும் தொட்டாலே புள்ளி விழுகிறது. அந்தப் பேனா வாகம் என்ற கம்பெனியின் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறது. திரைக்கு அடியில் இருக்கிற மின்காந்தப் பலகையே பேனாவுக்குச் சக்தி கொடுத்துவிடுவதால், எழுதுவதற்குப் பேட்டரி தேவையில்லை. டேப்லெட் பெட்டிக்குள்ளேயே பேனாவும் வருகிறது. என் பேனாவில் பேட்டரி உண்டு. ராத்திரி டேப்லெட்டின் ஓரத்தில் ஒட்டி வைக்க மறந்தால் காலை ஆறு மணி வகுப்புக்கு அது உயிரோடு இருக்காது.

“பாத்தியா சித்தி, புள்ளியே வரல” என்று அக்கா மகள் சொன்னபோது மாமா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் எனக்கு டீ கொண்டு வந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து அழுத்திப் புள்ளி வைக்கப் பழகிக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு அப்டேட்டில் முக்கால்வாசி சரியாகிவிட்டது. புதுக் கம்பெனியைப் பற்றி நல்லது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். குறையை எழுதி அனுப்பியிருந்தேன், யாரோ படித்திருக்கிறார்கள்.

அந்த நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை. பிள்ளைகளால் மாடிக்கு வர முடியாது, மின்சாரமும் போய்ப் போய் வந்தது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, டேப்லெட்டிலேயே இரண்டு வகுப்பு எடுத்தேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அன்றைக்கு இந்தப் பலகையை மனதாரக் கும்பிட்டேன்.

வெயிலைப் பற்றி. எங்கள் மாடியில் தகரக் கொட்டகை. மே மாதம் மதியம் திரை தானாக மங்குகிறது, சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. இதில் புதுக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. ஐபேடையே 35 டிகிரிக்குள் வைத்துப் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர் மே மாதத்தில் 35-ஐ மதியத்துக்கு முன்பே தாண்டிவிடும். டேபிள் ஃபேனை டேப்லெட் பக்கம் திருப்பி வைத்துத்தான் வகுப்பு ஓடியது.

பாடப்புத்தகம் படிக்க 16:10 திரை அவ்வளவு தோதாக இல்லை. ஏ4 தாளின் நீளம் அகலத்தைப் போல 1.41 மடங்கு, இந்தத் திரை 1.6 மடங்கு. நிமிர்த்திப் பிடித்தால் மேலேயும் கீழேயும் இடம் வீணாகிறது. மாமாவின் ஐபேடில் இருக்கிற 4:3 இதற்குப் பொருத்தம். படம் பார்க்கிறவர்களுக்கு என்னுடையதுதான் வசதி.

இப்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சலைக் கிளப்பிய விஷயத்துக்கு வருகிறேன். 2025 பிப்ரவரி, பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பேனா முனை தேய்ந்துவிட்டது. காகிதம் போல உராய்வு தருகிற சொரசொரப்பான ஸ்கிரீன் கார்டைத் திரைமேல் ஒட்டியிருந்தேன், அது முனையை எட்டு மாதத்தில் அரைத்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்வாகச் சீவின பென்சில் மாதிரி இருந்தது, உள்ளே இருக்கிற உலோகம் லேசாக எட்டிப் பார்த்தது. அந்தப் பேனாவோடு மாற்று முனை எதுவும் கொடுக்கவில்லை. சர்வீஸ் சென்டரில் முனை தனியாக வராது, முழுப் பேனாவாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சுண்டைக்காய் அளவு பிளாஸ்டிக்குக்கு 4,000 ரூபாயா?

பர்மா பஜார் முழுக்க அலைந்தேன். மாமா கடையிலேயே ஆப்பிள் பேனாவுக்கு முனை நாலு தினுசு தொங்குகிறது. சாம்சங்குக்கும் இருக்கிறது. என் பேனாவுக்கு அந்த வரிசையிலேயே எங்கும் இல்லை. கவரும் அப்படித்தான், ஐபேடுக்கு நூறு நிறம், எனக்குக் கறுப்பு ஒன்றுதான். ஆன்லைனில் ஒரு பாக்கெட் தேடிப் பிடித்து, அது வந்து சேர மூன்று வாரம். திருப்புதல் தேர்வு நடந்த அந்த மூன்று வாரமும் விரலாலேயே எழுதினேன். வர்க்கமூலக் குறியை விரலால் போட்டுப் பாருங்கள், தெரியும். கடைசியில் பழைய வெள்ளைப் பலகையைப் பரணிலிருந்து இறக்கினேன்.

பழைய கம்பெனிகளின் பலம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. அவர்கள் விற்கிற பலகையை ஒட்டி ஒரு பஜாரே பிழைக்கிறது. முனை விற்கிறவர், கார்டு ஒட்டுகிறவர், திரை மாற்றுகிறவர் எல்லோரும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் சிப்பிலும் திரையிலும் எவ்வளவு முந்தினாலும் இந்தக் கூட்டத்தை ஒரே வருடத்தில் சேர்க்க முடியாது. ஆயுசும் அப்படித்தான். 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2-வுக்கு 2021-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 இயங்குதளம் வரைக்கும் அப்டேட் கொடுத்தார்கள். சாம்சங் டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருட அப்டேட் என்று சொல்லியே விற்கிறது. என்னுடையதற்கு இதுவரை பெரிய அப்டேட் ஒன்று வந்திருக்கிறது. அடுத்தது வருமா என்று எங்கேயும் சொல்லவில்லை.

அதற்குள் 2025 மார்ச்சில் ஏ16 சிப்போடு புது ஐபேட் வந்தது. அதே 34,900, ஆனால் 128 ஜிபி. நான் வாங்கும்போது சொன்ன ‘இடம் இரண்டு மடங்கு’ என்ற காரணம் அத்தோடு செல்லாமல் போய்விட்டது. மிஞ்சி நிற்பது விலை மட்டும்தான்.

ஆனால் எங்கள் பகுதியில் விலை சின்ன விஷயம் இல்லை. காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை பார்க்கிற ஒரு மாணவியின் அப்பா, பொண்ணுக்கு எதை வாங்கலாம் மிஸ் என்று என்னிடம் வந்து கேட்டார். அவரிடம் 43,000 ரூபாய் ஐபேடைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னுடையதையே வாங்கச் சொன்னேன். கூடவே, அன்றைக்கே முனை இரண்டு பாக்கெட் ஆர்டர் போட்டுவிடுங்கள், சொரசொர கார்டு ஒட்டாதீர்கள், டிவியோடு இணைக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்றும் சொன்னேன். படம் வரையக் கேட்டிருந்தால் சாம்சங்கைத்தான் சொல்லியிருப்பேன். ஐந்து வருடம் அசையாமல் ஓட வேண்டும் என்றால் கடன் வாங்காமல் காசு சேர்த்து ஐபேட் வாங்கட்டும்.

எனக்கு இதை மாற்றுகிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. 16 மாதத்தில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இரண்டு நாள் வந்தது ஒன்றரை நாள் வருகிறது, அவ்வளவுதான். தினமும் மூன்று வகுப்பு இதில்தான் ஓடுகிறது.

போன மாதம் மாமா கடைக்குப் போயிருந்தேன். ஆப்பிள் முனைகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கொக்கி அடித்து, என் பேனாவுக்கான முனையைத் தொங்கவிட்டிருந்தார். “பத்து பாக்கெட் எடுத்தேன்மா. ஆறு போயிடுச்சு” என்றார்.