டின்டினின் ‘கால்குலஸ் அஃபேர்’: ஆல்பமா, கார்ட்டூனா?

இளம் நிருபன் டின்டினை நாயகனாக்கி பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே வரைந்த உளவுக்கதைகளில் இதுதான் உச்சம். 1956-ல் வந்த ஆல்பம், அதாவது சித்திரக்கதைப் புத்தகம், 62 பக்கம். 1991-ல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் அதையே இரண்டு எபிசோடில், முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்கிறது. வெட்டு விழாமல் இருக்குமா?

கார்ட்டூனுக்குச் சாதகம், ஒலி. கதையே விஞ்ஞானி கால்குலஸ் கண்டுபிடித்த, ஒலியால் அழிக்கும் ஆயுதத்தைப் பற்றியது. டின்டினின் நண்பர் கேப்டன் ஹேடாக்கின் மாளிகையான மார்லின்ஸ்பைக்கில் இடி இடிக்க, கண்ணாடிகள் தாமாக நொறுங்குவது காதில் விழுந்தால்தான் பகீரென்கிறது.

ஆனால் ஆல்பத்தின் பலம் வேறு. ஜெனீவாவின் கோர்னவேன் ஹோட்டல், நியோன் என்ற ஊரில் உள்ள வீடு, டாக்ஸி ஏரிக்குள் பாயும் சாலை: எல்லாம் நிஜ இடங்களைப் பார்த்து வரைந்தவை. கேப்டன் ஹேடாக்கின் பிளாஸ்திரி பஸ்ஸில் ஆள் மாறி ஆள் ஒட்டி, விமானத்திலும் விடாமல் துரத்தும். அந்தச் சிரிப்பு கட்டத்துக்குக் கட்டம் கண் தாவும் வேகத்தில் பிறப்பது. திரையில் வேகத்தை நாம் தீர்மானிக்க முடியாது. கேப்டனின் குடியையும் தொடர் குறைத்துவிட்டது.

முதலில் ஆல்பம்தான். கார்ட்டூனை முதலில் பார்த்தால் கால்குலஸின் குடையைச் சுற்றிய ரகசியம் முன்பே தெரிந்துபோய்விடும்.