நல்ல போன்தான், வைஃபை மட்டும் வாய் திறக்காது

நான் வைத்திருக்கும் இந்த ஆண்ட்ராய்டு போனின் விலை இறங்கியதிலிருந்து ‘இப்போ வாங்கலாமா?’ என்ற கேள்வி மறுபடி வர ஆரம்பித்திருக்கிறது. கேமரா, திரை, சிப் பற்றியெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரி மாற்றிய பிறகு சார்ஜும் பழையபடி நிற்கிறது. சொல்ல வேண்டியது வைஃபை பற்றி மட்டும். அதிலும் குறிப்பாக, இந்த போன் பெரும்பாலும் காட்டும் அந்த ஒற்றை வரியைப் பற்றி: ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை.’

ரவுட்டரோடு சேரும்போது எந்த ஆண்ட்ராய்டு போனும் நாலு படி ஏறுகிறது. முதலில் பாஸ்வேர்டு சரிபார்ப்பு. அடுத்து ரவுட்டரிடம் ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் தன்னை அடையாளம் காட்டும் எண், கேட்டு வாங்குவது. பிறகு டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்பது. கடைசியாக, கூகுளின் சோதனை சர்வருக்குச் சின்னதாக ஒரு கோரிக்கை அனுப்பி, 204 என்ற பதில் (இணையம் இருக்கிறது என்று பொருள்) வருகிறதா என்று பார்ப்பது. எந்தப் படியில் சறுக்கியது என்பது போனுக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்தும் பல நேரம் சொல்லாது. சறுக்கியது எங்கே என்பதை நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். கடுப்பு அங்கேதான்.

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் அறிவுரை ‘நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணுங்க’ என்பது. அவசரப்பட வேண்டாம். சேமித்து வைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் இணைப்புகளும் அதில் போய்விடும். ஒருவேளை சரியானாலும் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போகும். அடுத்த மாதம் அதே கதை. அந்த ஒரு நெட்வொர்க்கை மட்டும் ‘மறந்துவிடு’ கொடுத்து மறுபடி சேர்ப்பதே பல நேரம் போதும். தேதி, நேரம் தானியங்கியில் இருக்கிறதா, விபிஎன் ஏதாவது ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், பெரும்பாலான தளங்கள் திறக்காது.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ‘போனைப் பற்றி’ பக்கத்தில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் வைஃபை வெர்போஸ் லாகிங் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வைஃபை பட்டியலுக்கு வந்தால், ஒவ்வொரு நெட்வொர்க்கின் கீழும் சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அளவில், ஒரு மைனஸ் எண்ணாகத் தெரியும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. விசிறி ஐகான் மறைத்து வைத்திருந்த உண்மை அது. -50 என்றால் அருமை. -67 வரை வீடியோ கால் தடங்கலில்லாமல் போகும். -70-ஐத் தாண்டினால் தள்ளாட்டம். -80 என்றால் இணைப்பு பேருக்குத்தான். இந்த எண் 3 இறங்கினால் சிக்னலின் வலிமை பாதியாகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாலே எந்தச் சுவர் எதிரி என்று தெரிந்துவிடும்.

ஐகானில் மூன்று கோடு இருந்தும் இணையம் நகராதது ஏன் என்பதும் இங்கே விளங்கும். போன் காட்டுவது ரவுட்டரிலிருந்து வரும் சிக்னலை மட்டும். போனின் பதில் ரவுட்டருக்கு எட்டுகிறதா என்பது வேறு விஷயம். போன் சிக்னல் அனுப்பும் திறன் பொதுவாக ரவுட்டரைவிடக் குறைவு. பேட்டரியை மிச்சம் பிடிக்க அப்படித்தான் செய்திருப்பார்கள். ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கவில்லை. இந்த போன் அந்த நிலையிலும் ரவுட்டரை விடாது. பக்கத்திலேயே நல்ல சிக்னலோடு இன்னொன்று இருந்தாலும் -78-இல் தொங்கிக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்துப் போட்டால்தான் தாவும்.

வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4-க்கும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டரில் இது இன்னும் மோசம். பெயர்களைப் பிரித்து, ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறையில் 2.4 என்று நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. 2.4-இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று ரவுட்டர் ஆசை காட்டும். அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு மோதி உள்ளதும் போகும். 12, 13 சேனல்களைச் சில நாடுகளுக்கென்று வந்த போன்கள் தேடுவதே இல்லை. பட்டியலில் பெயரே வராது. ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டால் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா? இரண்டும் ஒரே 2.4 அலைவரிசையில் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 5-க்கு மாறினால் தீர்ந்தது.

சிக்னல் -45, இருந்தும் இணையம் இல்லை என்றால் முதல் சந்தேகம் தனிப்பட்ட டிஎன்எஸ் மேல் விழ வேண்டும். டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கி அனுப்ப, 2018-இல் ஆண்ட்ராய்டு 9-ஓடு வந்த வசதி. விளம்பரங்களைத் தடுக்க யாரோ சொன்ன சர்வர் பெயரை அதில் போட்டுவிட்டு மறந்திருப்போம். அது பொதுவாக 853 என்ற போர்ட் (இணையப் போக்குவரத்துக்கான வாசல் எண்) வழியாகப் பேசும். அந்த போர்ட்டை அடைத்து வைத்திருக்கும் விடுதி, அலுவலக வைஃபையில் பெயர் கேட்கும் வேலை அப்படியே நின்றுவிடும். சர்வர் பெயரைக் குறிப்பிட்டு வைத்திருந்தால் போன் சாதாரண டிஎன்எஸ்ஸுக்கு இறங்கி வராது. ‘தானியங்கு’ என்றிருந்தால் இறங்கி வரும். விடுதியில் லாகின் பக்கம் திறக்காமல் அடம் பிடிப்பதற்கும் சில நேரம் இதுதான் காரணம். நியாயமாகச் சொன்னால், இதற்கு மட்டும் போன் தனியாக ஓர் அறிவிப்பு காட்டுகிறது. மற்ற அறிவிப்புகளோடு சேர்த்து அதையும் நாம்தான் தள்ளிவிடுகிறோம்.

‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால் கோளாறு இரண்டாவது படியில். ரவுட்டர் கொடுக்க வைத்திருக்கும் முகவரிகள் தீர்ந்துபோயிருக்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் போன் ஒரு போலி மேக் முகவரியை (சாதனத்தின் வன்பொருள் அடையாள எண்) காட்டுகிறது. (மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது போலி.) ரவுட்டரில் மேக் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல், போட்டிருந்தால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் ‘சாதனத்தின் மேக்’ என்று மாற்றிவிடலாம். பொது இடங்களில் போலியே இருக்கட்டும்.

நிலையான ஐபி கொடுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. ரவுட்டர் 192.168.1.1 என்றால் போனுக்கு 192.168.1.200 மாதிரி ரவுட்டர் பங்கிடும் எல்லைக்கு வெளியே ஓர் எண், ப்ரிஃபிக்ஸ் நீளம் 24, டிஎன்எஸ் 8.8.8.8. இதில் இணையம் வந்துவிட்டால் குற்றவாளி ரவுட்டரின் முகவரிப் பங்கீடு. தெரிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். ரவுட்டர் மாறும் நாளில் அந்த நிலையான எண்ணே புதுத் தலைவலியாகும்.

பாஸ்வேர்டு சரி, ஆனால் ‘அங்கீகாரச் சிக்கல்’ என்கிறதா? ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்த முறை இருக்கிறதா பாருங்கள். இந்த போன் அந்தக் கலவையில் அவ்வப்போது தடுமாறுகிறது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும் என்று வைத்தால் அடங்கிவிடுகிறது. டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறையின் பக்கம் மட்டும் போகாதீர்கள். வேகம் 54 எம்பிபிஎஸ்ஸோடு முட்டிக்கொள்ளும், பாதுகாப்பும் இல்லை.

மணி அடித்த மாதிரி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டித்தால், ரவுட்டரின் க்ரூப் கீ இடைவெளியை, அதாவது எல்லா சாதனங்களுக்கும் பொதுவான மறையாக்கச் சாவியை அது மாற்றும் இடைவெளியைப் பாருங்கள். பல ரவுட்டர்களில் அது 3600 விநாடி. தூங்கிக்கொண்டிருக்கும் போன் புதுச் சாவியைத் தவறவிட்டால் ரவுட்டர் வெளியே தள்ளிவிடும். நேரங்காலம் இல்லாமல் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரே மறைந்து, ஒரு நிமிடம் போல் கழித்து வந்தால் ரேடார் விவகாரம். சேனல் 52 முதல் 144 வரை ரேடாரோடு பங்கு போடுபவை; ரேடார் சிக்னல் தென்பட்டதும் ரவுட்டர் இடத்தைக் காலி செய்ய வேண்டும், அடுத்ததும் அதே வகைச் சேனல் என்றால் குறைந்தது 60 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருந்த பிறகே பேசலாம். 36 முதல் 48-க்குள் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் மென்பொருள். பேட்டரியோ திரையோ மாற்றிய பிறகு வைஃபை வீக் ஆனால் செட்டிங்ஸை நோண்டுவதில் பயனில்லை. ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று எண்ணைப் பாருங்கள். பக்கத்தில் வைத்த இன்னொரு போன் -38 காட்டும்போது இது -65 காட்டினால் ஆன்டெனா தொடவில்லை என்று பொருள். பின்மூடியைத் திறந்தால் சர்க்யூட் பலகையின் ஓரத்தில் தங்க முலாம் பூசிய சின்னஞ்சிறு ஸ்ப்ரிங் தகடுகள் தெரியும். மூடியிலோ ஃபிரேமிலோ இருக்கும் ஆன்டெனாவை அவைதான் தொடுகின்றன. ஒன்று நசுங்கியிருந்தாலும், பசையின் துணுக்கு ஒட்டியிருந்தாலும் சிக்னல் பாதாளத்துக்குப் போகும். சில மாடல்களில் ஆன்டெனா சிக்னலைச் சுமக்கும் மெல்லிய கோஆக்ஸ் ஒயர் ஒன்று பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஓடும். அதன் முனை எள் அளவுதான், ‘டிக்’ என்று உட்காராமல் மேலே மிதந்தபடி இருந்தாலும் மூடி அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஓரளவு வேலை செய்யும், பிறகு கைவிடும். திருகுகளிலும் கவனம் வேண்டும். சில திருகுகள் ஆன்டெனாவுக்கு எர்த் ஆகவும் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும், நீளம் மாறினாலும் வித்தியாசம் எண்ணில் தெரியும். வைஃபை பொத்தானே மங்கிப்போய் ஆன் ஆகாமல், மேக் முகவரி 02:00:00:00:00:00 என்று நின்றால் அது சிப்பின் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். அது வீட்டில் செய்யும் வேலை அல்ல. முன்பின் பார்க்க எளிய வழி ஒன்று: ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் அதே இடத்தில் நின்று டிபிஎம் எண்ணை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது. ‘முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு’ என்ற பதில் வராது.

மேலே சொன்னதில் பாதிக்கு மேல் ரவுட்டரின் குற்றம், போனுடையது அல்ல. ரவுட்டரை விடாமல் தொங்குவதும், டபிள்யூபிஏ3 தடுமாற்றமும்தான் இதன் சொந்தச் சொத்து. அப்படிப் பார்த்தால் தாராளமாக வாங்கச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. பல விதக் கோளாறுக்கு ஒரே வரியைக் காட்டும் போனுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க முடியாது. நான் மாற்றப் போவதில்லை, அது வேறு. நீங்கள் வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால், ரவுட்டர் செட்டிங்ஸைத் திறக்கும் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.