கல்லடியிலிருந்து பார்த்த யூரோவிஷன்: யூடியூப் நேரலை பற்றிய ஒரு மதிப்பீடு

2025 மே 17 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நடைபெற்ற, பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் நாட்டுக்கொரு பாடலுடன் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாடற்போட்டியின் இறுதிச் சுற்றை, போட்டியின் உத்தியோகபூர்வ யூடியூப் நேரலையில், கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தபடி முழுமையாகப் பார்த்தேன். மட்டக்களப்பில் சுவிஸ் உறவு இல்லாத தெருவைக் காண்பது அரிது. எங்கள் சித்தியும் பாசலில்தான் வசிக்கிறார். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த இலவச நேரலை எவ்வளவு உதவும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே 12.30. முடிவு தெரியும்போது விடியப்புறம் 4 மணி கடந்திருந்தது; வாவியில் தோணிகளின் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. படமும் ஒலியும் மிகத் தெளிவு. வர்ணனையாளர் எவரும் குறுக்கே பேசாததால் பாடல்களைப் பாடல்களாகவே கேட்க முடிந்தது, இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பாடலும் 3 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும், மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக்கூடாது, முதன்மைக் குரல் நேரடியாகவே ஒலிக்க வேண்டும் என்பன விதிகள். இடையில் என் தொலைபேசி இணைப்பு இரு முறை அறுந்தது. அது நேரலையின் குறை அல்ல.

1956 இல் லுகானோவில் நடந்த முதற் போட்டியிலேயே லிஸ் ஆசியா மூலம் வென்ற நாடு சுவிற்சர்லாந்து. 1988 இல் செலின் டியோனும் 2024 இல் மல்மோவில் நெமோவும் அதற்கு வெற்றி தேடித் தந்தார்கள். அந்த 2024 வெற்றியாலேயே பாசலுக்குப் போட்டி வந்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் சுவிற்சர்லாந்தின் பாடகி ஸோயி மே அரையிறுதியில் போட்டியிடாமலே இறுதிக்கு வந்தார். பிரெஞ்சு மொழியில், மேடையில் தனியே நின்று, அவர் பாடிய அமைதியான பாடல் நடுவர்களிடம் 214 புள்ளிகள் பெற்று, அவர்களது பட்டியலில் ஒஸ்திரியாவுக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தில் நின்றது. பின்னர் பார்வையாளர் புள்ளி அறிவிக்கப்பட்டது: பூச்சியம். இறுதியில் 10 ஆம் இடம்.

உடனே சித்தி அழைத்தார். “ஒருத்தருமே அந்தப் பிள்ளைக்கு வாக்குப் போடேல்லையா?” என்று கேட்டபோது அவரது குரல் தழுதழுத்தது. உண்மை அதுவல்ல. ஒவ்வொரு நாட்டிலும் பார்வையாளர் வாக்குகளில் முதல் பத்து இடங்களைப் பிடிக்கும் பாடல்களுக்கே 12, 10, பின் 8 இலிருந்து 1 வரை புள்ளிகள் கிடைக்கும். எல்லா நாடுகளிலும் பதினோராம் இடம் பிடித்தாலும் கிடைப்பது பூச்சியமே. தொகுப்பாளர்கள் ஆங்கிலத்தில் விரைவாகச் சொல்லிக் கடந்துவிடும் இந்தக் கணக்கைத் திரையில் எழுத்திலும் சில நிமிடங்கள் காட்டியிருந்தால், எத்தனையோ வீடுகளில் இந்தக் கவலை எழுந்திராது. நேரலையில் நான் காணும் ஒரே பெரிய குறை இதுதான்.

இன்னொன்றையும் நம்மவர்கள் அறிய வேண்டும். தம் நாட்டுப் பாடலுக்கு வாக்களிக்க விதி இடம் தராது. ஆகவே பாசலில் இருக்கும் சித்தியால் ஸோயி மேக்கு வாக்களிக்க முடியாது. ஆனால் 2023 முதல், போட்டியில் பங்கேற்காத நாடுகளில் உள்ளவர்களும் வங்கி அட்டை மூலம் சிறு கட்டணம் செலுத்தி இணையத்தில் வாக்களிக்கலாம். அவ்வாக்குகள் அனைத்தும் சேர்ந்து ஒரு நாட்டின் புள்ளிகளாகக் கணக்கிடப்படும். சித்திக்கு முடியாததைக் கல்லடியிலிருந்து நான் செய்தேன். அதைச் சொன்ன பிறகுதான் அவர் தொலைபேசியை வைத்தார்.