பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு எடுத்த ஜீன் டெஸ்ட்

பித்தப்பைக் கல் என்றுதான் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தோம். எடுத்த பித்தப்பையைப் பயாப்ஸிக்கு அனுப்பினால் புற்றுநோய் என்று வந்தது. ஸ்கேனில் கல்லீரலிலும் தெரிந்ததால், கட்டியை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னார் டாக்டர். பாளையங்கோட்டையில் உள்ள ஒரு லேப் கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்தோம். பெயர் வேண்டாம்.

கொடுத்தது ஒரு பிளாக். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் கூடு, அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் அம்மாவின் பித்தப்பைத் துணுக்கு. வாங்கியவர் எதையும் கேட்கவில்லை, பணம் கட்டச் சொன்னதோடு சரி. பத்து நாள் கழித்து போன்: "இதுல கேன்சர் செல் போதாது, வேற பிளாக் வேணும்." பயாப்ஸி ரிப்போர்ட்டை முதல் நாளே வாங்கிப் பார்த்திருந்தால் எந்த பிளாக்கில் கட்டி அதிகம் என்று கேட்டிருக்கலாமே! கீமோவுக்குக் காத்திருந்த அம்மாவுக்கு அந்தப் பத்து நாள் பெரிசு. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் ரிப்போர்ட் வந்தபின் போனில் பேசிய ஜெனெடிக் கவுன்சிலர் (ஜீன் ரிப்போர்ட்டை நமக்கு விளக்கிச் சொல்பவர்) தங்கமானவர். முக்கால் மணி நேரம் தமிழிலேயே பேசினார். ரிப்போர்ட்டில் டிபி53 பழுது என்று இருந்தது. பித்தப்பைப் புற்றில் அதிகம் பழுதாகும் ஜீன் அதுதானாம். டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்துவதும், சரிசெய்ய முடியாத செல்லைச் சாகவைப்பதும் அதன் வேலை. "பைக்ல முன் பிரேக், பின் பிரேக் மாதிரி ஒவ்வொரு ஜீனும் ரெண்டு. இந்த மாதிரி ஜீன்ல ஒண்ணு போனாலும் பெரும்பாலும் மத்தது தாங்கும். ரெண்டும் போச்சுன்னா வண்டி நிக்காது" என்றார்.

அக்கா போனைப் பிடுங்கி, "எனக்கும் எம் பிள்ளையளுக்கும் வருமா மேடம்?" என்றாள். கட்டியில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் அந்த உறுப்பில் பிற்பாடு உண்டானது, பிறவியிலேயே இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் தனி டெஸ்ட் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். அக்கா அன்று ராத்திரிதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

பித்தப்பைப் புற்றில் டிபி53-க்கென்று நேரடி மருந்து இப்போதைக்கு இல்லை. அதே டெஸ்டில் ஹெர்2 ஜீனும் பார்க்கிறார்கள், அது மிகுந்திருந்தால் மருந்து உண்டு. அம்மாவுக்கு அப்படி மிகுந்திருக்கவில்லை. ஜெம்சிட்டாபின், சிஸ்பிளாட்டின் கீமோதான் போகிறது.

கொடுக்கப் போகிறவர்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டோடு போங்கள். கட்டி அதிகமுள்ள பிளாக் எது என்று பெத்தாலஜி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். டெஸ்ட் முடிந்ததும் மிச்ச பிளாக்கைக் கேட்டு வாங்கி வையுங்கள், பிறகு தேவைப்படும். எங்களுடையது ஸ்கேன் படங்களோடு மஞ்சப்பையில் இருக்கிறது.