குண்டாஸா, ரிமாண்டா? நாள் கணக்கில் ஓர் ஒப்பீடு

தெருவில் ஒரு ரவுடியைப் போலீஸ் பிடித்துப் போனால், "குண்டாஸ் போட்டாச்சா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. ரிமாண்ட் மட்டும்தான் என்றால் முகம் வாடிவிடுகிறது. ஜாமீனில் வந்து, சாட்சி சொன்னவர் கடை வாசலிலேயே பைக்கை நிறுத்துவானே என்ற பயம். அது நியாயமான பயம்தான்.

சரி, இரண்டு வழிகளையும் நாள் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

ரிமாண்ட் என்ற சாதாரண வழியில், கைதான 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். முதல் நாளிலிருந்தே வக்கீல் உண்டு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால், ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும்.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில் உத்தரவு போடுபவர் நீதிபதி அல்ல, கலெக்டர் அல்லது போலீஸ் கமிஷனர். காரணங்களை 5 நாளில் கொடுக்க வேண்டும், 12 நாளில் அரசு ஒப்புதல் தர வேண்டும், 3 வாரத்தில் விஷயம், காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். கழகம் கருத்துச் சொல்ல, காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரம் வரை ஆகலாம். அங்கே வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை. அதிகபட்சம் 12 மாதம் உள்ளே இருக்கலாம். தண்டனை இல்லை, தீர்ப்பும் இல்லை. இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்ற கணிப்புக்குத்தான் இந்தச் சிறை; தடுப்புக் காவல் என்பது இதுதான்.

அந்தக் கணிப்பு எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். கைதியின் கையில் ஒரு கட்டுக் காகிதம் தருவார்கள். முதல் தகவல் அறிக்கை, ரிமாண்ட் உத்தரவு, பழைய வழக்குகள் எல்லாம் ஜெராக்ஸாக இருக்கும். கூடவே, 'இதுபோன்ற வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்துள்ளது, எனவே இவரும் வெளியே வரக்கூடும்' என்ற வரி. எத்தனையோ உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் இந்தக் கட்டினாலேயே ரத்தாகியிருக்கின்றன. பக்கம் படிக்க முடியவில்லை, தமிழாக்கம் தரவில்லை, கைதி கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று காரணங்கள். நிஜமான ரவுடியும் இதே ஓட்டை வழியாக வெளியே வருகிறான். அப்பாவிக்கோ, காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் போய்விடுகின்றன.

2017 மே மாதம் மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்த வந்த திருமுருகன் காந்தி உள்ளிட்ட 4 பேர் மேல் இந்தச் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அனுமதியின்றிக் கூடினார்கள் என்றால் அதற்கு வழக்குப் போட்டிருக்கலாம், மாஜிஸ்திரேட் பார்த்திருப்பார். மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவர்களையும் கள்ளச்சாராயம் காய்ச்சுபவரையும் ஒரே சட்டத்தில் அடைத்ததை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

சாதாரணச் சட்டமே போதுமென்ற இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பழக்கம் மாறவில்லை.

என் தேர்வு சாதாரண வழிதான். சாட்சியை மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட அதிலேயே இடம் இருக்கிறது. அப்புறம், அந்த மனுவுக்கு மிரட்டல் நடந்ததற்கான ஆதாரம் வேண்டும், போலீஸ் உட்கார்ந்து உழைக்க வேண்டும். குண்டாஸில் அந்த உழைப்பு மிச்சம். நான் பார்த்தவரை அதன் கவர்ச்சியே அதுதான்.

இந்தச் சட்டம் எப்படியும் இருக்கத்தான் போகிறது என்றால், அறிவுரைக் கழகத்துக்குள் வக்கீலை விடட்டும். அதுவும் 3 வாரம் கழித்து வேண்டாம், முதல் வாரத்திலேயே.