கான்வியா, கயர்னார்வனா: ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் எந்தக் கோட்டை?

"அக்கா, வட வேல்ஸ் போறோம். கோட்டைக்குன்னு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எதைப் பாக்கறது?" என்று சித்தி மகள் போன வாரம் கேட்டாள். அடுத்தடுத்த நாட்களில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவள் நான். கான்விக்குப் போ என்றேன். ஃபோனில் காரணம் முழுவதையும் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேல்ஸ் இளவரசன் லிவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்டதும், பிடித்த நாட்டைக் கையை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ள இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் இரண்டையும் 1283இல் தொடங்கினான். தலைமை மேஸ்திரியும் ஒருவரே: ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துச் சவாயிலிருந்து வந்த ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ். இரண்டையும் ஒட்டி மதில் சூழ்ந்த ஊர் உண்டு. யுனெஸ்கோ பட்டியலில் 1986இல் சேர்ந்ததும் ஒன்றாகத்தான்.

வெளியே நின்று பார்த்தால் கயர்னார்வன்தான் அழகு. கோபுரங்கள் வட்டமாக இல்லாமல் பட்டை பட்டையாக முகம் வைத்தவை. வெளிர் சுண்ணாம்புக்கல் சுவரில் கருத்த கல் வரிகள் நீளமாக ஓடுகின்றன. பிற்கால ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் மதிலை நினைத்துச் செய்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். பக்கத்திலேயே செகோன்டியம் என்ற பழைய ரோமானியக் கோட்டை இருந்த இடம் இருப்பதால், எட்வர்ட் தன்னை ரோமப் பேரரசர்களின் வாரிசாகக் காட்டிக்கொள்ள நினைத்தான் என்று நம்புவது கடினமாக இல்லை. அவன் மகன் இரண்டாம் எட்வர்ட் 1284இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

உள்ளே போனதும் எனக்கு மனசு இறங்கிவிட்டது. பெரிய புல்வெளி, சுற்றிலும் சுவர். நடுவில் சார்ல்ஸ் வேல்ஸ் இளவரசராகப் பட்டமேற்ற 1969 விழாவுக்குப் போட்ட வட்டமான ஸ்லேட் மேடை. அரசன் தங்கும் மண்டபங்களுக்கு அஸ்திவாரக் கோடுகள்தான் மிச்சம். ஐந்து கதவும் மேலிருந்து இறக்கும் ஆறு கம்பிக் கதவும் வைக்கத் திட்டமிட்ட பெரிய வாயிலைத் தாண்டி உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால், கட்டடம் பாதியில் அறுந்து நிற்கிறது. 47 ஆண்டு வேலை நடந்து, 20,000 பவுண்டுக்கு மேல் செலவாகி, 1330இல் முடியாமலே நின்றுபோனது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த 'முடியாமை'தான். கோட்டையைப் போருக்கான இடமாக மட்டும் பார்க்கிறவருக்கு வெளிச்சுவர் போதும். உள்ளே ஆட்கள் எப்படிச் சமைத்தார்கள், தூங்கினார்கள், சாமி கும்பிட்டார்கள் என்று பார்க்க விரும்பினால் உள்சுவர் பேச வேண்டும். கான்வியில் அது பேசுகிறது. பெரும்பாலான வேலை நான்கே ஆண்டில், 1287க்குள் முடிந்துவிட்டதால், ஒருவர் மனதில் இருந்த திட்டம் அப்படியே கல்லில் நிற்கிறது. ஊர் மதிலையும் சேர்த்து 15,000 பவுண்டு ஆனது. வேலை உச்சத்தில் இருந்தபோது 1,500 பேர் வரை உழைத்திருக்கிறார்கள்.

எட்டுக் கோபுரங்களில் எதற்குள் நுழைந்தாலும் கொஞ்ச நேரம் தலை நிமிர்த்தி நில்லுங்கள். தளங்களின் பலகை போய்விட்டது. உத்தரம் செருகிய சதுரப் பொந்துகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு மேல், நிற்கத் தரையே இல்லாத உயரத்தில், கணப்பு அடுப்பு ஒன்று சுவரில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்குள் உட்காரக் கல் திண்ணை. இல்லாத தரையை மனசுக்குள் போட்டுக்கொண்டால் போதும், அறை முழுசாக வந்துவிடும். பெரிய மண்டபமும் பாறையின் போக்குக்கு வளைந்தே கட்டப்பட்டிருக்கிறது. பாறையை வெட்டி நேராக்காமல் அதன் மேல் கட்டடத்தை வளைத்த அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

சிற்றாலயக் கோபுரம்தான் என் கண்ணில் நிற்பது. சுவரின் கனத்துக்குள் குடைந்த சின்னக் கோயில், மேலே விலா எலும்பு போல வளையும் கல் கூரை. அதை ஒட்டி, அரசன் தனியாக இருந்து பூசையைப் பார்க்கச் சுவருக்குள்ளேயே ஒரு சிற்றறை. நான் அதற்குள் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு பேருக்கு மேல் அங்கே வசதியாக நிற்க முடியாது.

வெளியே வந்தால் இன்னொன்று. கோபுரங்களின் உடம்பில் சாரக் கட்டை செருகிய ஓட்டைகள் மட்டமாகப் போகாமல், சாய்ந்து சுற்றி மேலே ஏறுகின்றன. சரிவுப் பாதை போலச் சாரம் கட்டிக் கல்லை மேலே ஏற்றியிருக்கிறார்கள். ஜேம்ஸ் தன் ஊர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்த முறை அது. சில இடங்களில் பழைய வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சும் ஒட்டியிருக்கிறது. இன்று சாம்பல் நிறமாக நிற்கும் கோட்டை அன்று வெள்ளை வெளேரென்று இருந்திருக்கிறது.

அழகை ரசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்த இடத்தில் இருந்த துறவிகள் மடத்தில்தான் லிவெலினின் பாட்டனார், பெரிய லிவெலின், அடக்கமாகியிருந்தார். எட்வர்ட் மடத்தையே கிளப்பி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டுக் கோட்டை கட்டினான். 1294இல் வேல்ஸ்காரர்கள் கிளர்ந்தெழுந்தபோது குளிர்காலத்தில் இதற்குள் மாட்டிக்கொண்டவனும் அவன்தான். 1401 புனித வெள்ளியன்று, காவல்காரர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில், கிளர்ச்சித் தலைவன் ஓவைன் கிளிண்டூரின் உறவினர்களான டியூடர் சகோதரர்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

போக்குவரத்தில் பெரிய யோசனை வேண்டாம். கான்விக்கு ரயில் மதிலுக்குள்ளேயே போகிறது. கயர்னார்வனுக்கு பாங்கரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். கான்வியில் ஏறுவதெல்லாம் குறுகிய சுழல் படி. கயர்னார்வன் வாயிலில் இப்போது லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், மேல்தளம் வரை போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கயர்னார்வனில் நான் இருந்தது மழை பெய்த ஒரு பிற்பகல் மட்டும். தெற்குச் சுவருக்குள் ஓடும் வில்லாளர் நடைவழிகளில் பாதிதான் நடந்தேன். நல்ல வெயிலில் முழு நாள் இருந்தவர்கள் அதற்கு இன்னும் கூடுதலாக மதிப்பெண் போடக்கூடும். சித்தி மகளுக்குக் கடைசியாகச் சொன்னது இது: சாயங்காலம் நேரம் மிஞ்சினால் கயர்னார்வன் போ, டிக்கெட் எடுக்க வேண்டாம், சையோன்ட் ஆற்றின் மேல் உள்ள நடைபாலத்தைக் கடந்து அக்கரையில் நின்று பார். அந்தக் கல் வரிகள் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும்.